ஒரு படிவம், ஒரு கோப்பு: பெர்ல் மொழியில் சிறு வலைச்செயலிகள் வளர்ந்த வரலாறு

பெர்ல் மொழியின் முதல் பதிப்பை லாரி வால் 1987 டிசம்பர் 18 அன்று வெளியிட்டார். உலகளாவிய வலைக்கான முதல் முன்மொழிவை டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்தில் எழுதியது 1989 மார்ச்சில். ஆக, வலைக்கு மூத்த மொழி பெர்ல். அப்படியிருந்தும் 1990களின் நடுவில் விருந்தினர் பதிவேடு, வருகை எண்ணி, கருத்துப் படிவம், தேடுபெட்டி என இணையதளங்களில் இயங்கிய சிறு செயலிகள் பெரும்பாலும் பெர்லில்தான் எழுதப்பட்டன. இது எப்படி நேர்ந்தது, அந்த இடம் பிறகு ஏன் கைநழுவியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெர்லின் அழகு, அலங்கோலம் பற்றிய வாதங்களுக்குப் பஞ்சமில்லை. என் பார்வையில் விடை மொழியின் இலக்கணத்தில் இல்லை. வழங்கிக்கும் நிரலுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டில் இருக்கிறது. அந்த உடன்பாடு எளிமையாகவும் மலிவாகவும் இருந்தவரை பெர்ல் செழித்தது. அந்த எளிமைக்கு விலை ஏறியபோது, அதே எளிமையை மலிவாகத் தந்த இன்னொரு மொழி இடம்பிடித்தது.

வலைக்கு முந்தைய பெர்ல்

லாரி வால் மொழியியல் பயின்றவர். எழுத்துவடிவம் இல்லாத ஒரு மொழியைக் கண்டறிந்து, அதற்கு எழுத்து வகுத்துத் தரவேண்டும் என்று அவரும் அவர் மனைவியும் எண்ணியிருந்தார்கள். உடல்நலக் காரணத்தால் அது கைகூடவில்லை. கணினித் துறைக்கு வந்தவர், பல கோப்புகளில் சிதறிக் கிடந்த விவரங்களைத் திரட்டி அறிக்கை தயாரிக்கும் வேலையில் இறங்கினார். அதற்கு ஆக் என்ற யூனிக்ஸ் கருவி போதவில்லை. சி, செட், ஆக், ஷெல் ஆகியவற்றிலிருந்து தயக்கமின்றி எடுத்துச் சேர்த்து அவர் ஆக்கிய மொழிதான் பெர்ல்.

ஆகவே அது தொடக்கத்திலேயே யூனிக்ஸ் நிர்வாகிகளின் மொழி. வரிவரியாக உரையைப் படி, வேண்டியதைத் தேடிப் பிடி, வேறு வடிவில் அச்சிடு என்பதுதான் அதன் அன்றாட வேலை. நினைவகத்தை ஒதுக்குவது, விடுவிப்பது பற்றிய கவலை இல்லை. பெயரையும் மதிப்பையும் இணைத்துவைக்கும் ஹாஷ் என்ற தரவமைப்பு மொழிக்குள்ளேயே இருந்தது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் தேடல் வடிவங்கள் தனி நூலகமாக ஒட்டவைக்கப்படாமல், கூட்டல் கழித்தல் போல மொழியின் உறுப்பாக இருந்தன. 1991இல் பெர்ல் 4ஆம் பதிப்போடு லாரி வாலும் ராண்டல் ஷ்வார்ட்சும் எழுதிய பாடநூலும் வந்தது. அட்டையில் இருந்த ஒட்டகமே பின்னர் மொழியின் அடையாளமாயிற்று. பல்கலைக்கழகங்களில் முதல் வலை வழங்கிகளை நிறுவியவர்கள் இதே யூனிக்ஸ் நிர்வாகிகள்தான் என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் கைக்குப் பெர்ல் ஏற்கெனவே பழகியிருந்தது.

உடன்பாட்டின் உள்ளே

தொடக்ககால வலை, வட்டில் கிடந்த கோப்புகளை அப்படியே அனுப்பியது. கேட்பவர் யார், என்ன கேட்கிறார் என்று பார்த்துப் பக்கத்தை ஆக்கித்தர அதனிடம் பொதுவான வழி இல்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி மென்பொருளை ஒட்டி 1993இல் ஒரு பொது உடன்பாடு உருவானது. அதுவே சிஜிஐ. நீண்டகாலம் முறைசாராமல் வாழ்ந்த இந்த உடன்பாடு, முறையான ஆவணமாக 2004 அக்டோபரில்தான் ஆர்எஃப்சி 3875 என்ற எண்ணில் பதிவானது. பதினோரு ஆண்டுகள் முறையான ஆவணம் இல்லாமல் உலகமெங்கும் ஒன்றுபோல இயங்கியது என்றால், அதில் குழம்புவதற்கு அவ்வளவு குறைவாகவே இருந்தது என்று பொருள்.

உடன்பாடு இதுதான். உலாவியிலிருந்து கோரிக்கை வந்ததும் வழங்கி ஒரு நிரலை இயக்கும். முகவரியின் வினாப் பகுதி, கோரிக்கையின் வகை, உள்ளடக்கத்தின் நீளம் ஆகியவற்றைச் சூழல் மாறிகளில் வைக்கும். போஸ்ட் வகைக் கோரிக்கையானால், படிவத்தில் நிரப்பி அனுப்பியது நிரலின் வழக்கமான உள்ளீட்டில் வரும். நிரல் முதலில் உள்ளடக்க வகையைச் சொல்லும் ஒரு வரியை அச்சிட வேண்டும், பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் பக்கம். அவ்வளவே. அந்த வெற்று வரியை மறந்தால் '500' என்ற பிழைப் பக்கம் வந்து நிற்கும். அக்காலத்தில் வலைநிரல் கற்றவர்களில் அந்த எண்ணைச் சந்திக்காதவர் அரிது.

இந்த உடன்பாட்டில் பெர்லுக்கென்று எதுவும் இல்லை. சியிலும் ஷெல்லிலும் சிஜிஐ எழுதலாம், எழுதவும் செய்தார்கள். ஆனால் வேலையின் நுணுக்கம் ஓரிடத்தில் இருந்தது. படிவ விவரம் குறியேற்றப்பட்டு வரும்: இடைவெளி கூட்டல் குறியாக மாறியிருக்கும், சிறப்பெழுத்துகள் சதவீதக் குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக மாறியிருக்கும். இவற்றைப் பிரித்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவர சியில் ஒரு முழுச் செயற்கூறு எழுதவேண்டும், இடையக நீளத்தைக் கணக்கிட்டுக் காக்கவேண்டும். பெர்லில் அது ஒரே ஒரு பதிலீட்டு வரி. சதவீதக் குறியைத் தொடரும் இரண்டு இலக்கங்களைப் பிடித்து, எண்ணாக்கி, அந்த எண்ணுக்குரிய பைட்டை அவ்விடத்தில் வைப்பதை அந்த ஒரு வரியே முடித்துவிடும். ஸ்டீவன் பிரென்னர் எழுதிய சிஜிஐ-லிப் என்ற பெர்ல் 4 நூலகம் இந்த வரியைப் பொதிந்துதந்து பரவலாகப் புழங்கியது.

அந்த வரி பைட்டுகளை மட்டுமே அறிந்தது, எழுத்துகளை அறியாது. தமிழில் எழுதுவோருக்கு இது வெறும் நுணுக்கமாக இருக்கவில்லை. யுனிகோடில் 'அ' என்ற ஓரெழுத்து யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். படிவம் அதைக் குறியேற்றும்போது ஒன்பது குறிகளாக விரியும். 'கோ' என்பது க, ஓகாரக் குறி என இரண்டு குறியிடங்கள், ஆறு பைட்டுகள். நீளம் கேட்டால் பழைய பெர்ல் ஆறு என்று சொல்லும். 2002 ஜூலையில் வந்த பெர்ல் 5.8தான் யுனிகோடை நம்பிப் பயன்படுத்தும் அளவுக்குக் கொண்டுவந்தது. உரையை முறையாக அவிழ்த்தால் அது இரண்டு என்று சொல்லும். நாம் ஓரெழுத்தாகக் காண்பதை ஒன்றாகவே எண்ண, தேடல் வடிவங்களில் தனிக்குறியீடு உண்டு. தமிழ் வரிவடிவத்தை மட்டும் பிடிக்கும் வசதியும் மொழியிலேயே உண்டு.

சிறு செயலிகளின் பொற்காலம்

1994 அக்டோபரில் பெர்ல் 5 வந்தது. அடுத்த ஆண்டில் மூன்று நிகழ்வுகள் நெருங்கி அமைந்தன. மரபணு ஆய்வாளர் லிங்கன் ஸ்டைன் சிஜிஐ.பிஎம் என்ற நூலகத்தை எழுதினார். பெர்ல் நிரல்களுக்கான சிபான் என்ற பொதுக்களஞ்சியம் அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 25 அன்று வார்டு கன்னிங்ஹாம் விக்கிவிக்கிவெப் தளத்தைத் திறந்தார்.

மூன்றாவதை நின்று பார்க்கவேண்டும். படிப்பவர் யாரும் பக்கத்தைத் திருத்தலாம் என்ற எண்ணம் இன்று நமக்குச் சாதாரணம். அதன் முதல் உருவம் ஒரு பெர்ல் சிஜிஐ நிரல். பக்கத்தை எடுத்துக் காட்டுவது, படிவத்தில் திருத்தம் வாங்குவது, பெரிய எழுத்துகளால் கோத்த சொற்களை இணைப்பாக்குவது ஆகிய மூன்றும் உரைவேலைதான். அந்த வழியில் பின்னர் கிளிஃபோர்டு ஆடம்ஸ் எழுதிய யூஸ்மாட்விக்கியும் பெர்ல்தான். தரவுத்தளம் கிடையாது, எல்லாம் கோப்புகள். 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியது அந்த நிரலின் மேல்தான். உலகின் மிகப் பெரிய கலைக்களஞ்சியம் தன் முதல் ஓராண்டைக் கோப்புகளில் எழுதும் ஒரு சிஜிஐ நிரலில் கழித்தது என்ற உண்மை, சிறு செயலி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று.

1990களின் நடுவில் பள்ளி மாணவராக இருந்த மாட் ரைட், கொலராடோவிலிருந்து தம் நிரல்களை இலவசமாக வெளியிட்டார்: விருந்தினர் பதிவேடு, எண்ணி, படிவத்தை மின்னஞ்சலாக்கும் ஃபார்ம்மெயில். நிரலெழுதத் தெரியாதவர்களும் அவற்றை இறக்கி, முதல் வரியில் பெர்லின் இடத்தைத் திருத்தி, எஃப்டிபி வழியே ஏற்றி, 755 என்று அனுமதி கொடுத்து இயக்கினார்கள். ஒரு தலைமுறை நிரலாளர்கள் இப்படித்தான் உள்ளே நுழைந்தார்கள்.

கோப்பில் எழுதும் செயலிகள் ஒரு பாடத்தையும் கற்றுத்தந்தன. வருகை எண்ணியை எடுத்துக்கொள்வோம். கோப்பில் உள்ள எண்ணைப் படித்து, ஒன்றைக் கூட்டி, திரும்ப எழுதவேண்டும். ஒரே நொடியில் இருவர் வந்தால் இருவருக்கும் 41 தெரியும், இருவரும் 42 என எழுதுவார்கள். ஒரு வருகை காணாமல் போகும். பூட்டுப் போட்டால் தீரும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் எழுதுவதற்காகக் கோப்பைத் திறக்கும் கணத்திலேயே, பூட்டு கிடைப்பதற்கு முன்பே, அது வெறுமையாகிவிடும். இடையில் படிக்கும் இன்னொரு நிரல் சுழியைப் படிக்க, எண்ணி ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். படிக்கவும் எழுதவும் சேர்த்துத் திறந்து, பூட்டி, படித்து, பிறகே அழித்து எழுதுவது சரியான முறை. ஒருங்கியக்கத்தின் அடிப்படையைப் பலரும் கற்றுக்கொண்டது இப்படியொரு சிறிய கோப்பிலிருந்து.

விலை ஏறிய கதை

சிஜிஐயில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய செயல்முறை பிறக்கிறது. பெர்ல் நிரலானால் ஒவ்வொரு முறையும் மூலத்தைப் படித்துத் தொகுக்கவும் வேண்டும். நாளுக்குச் சில நூறு பேர் வரும் தளத்துக்கு இது பொருட்டே அல்ல. பெரிய தளத்துக்குச் சுமை. 1996இல் டக் மகீக்கர்ன் முன்னின்று உருவாக்கிய மாட்பெர்ல், பெர்லை அப்பாச்சி வழங்கிக்குள்ளேயே குடியேற்றியது. நிரல் ஒருமுறை தொகுக்கப்பட்டு நினைவகத்தில் தங்கியது. ஸ்லாஷ்டாட் போன்ற பெரிய தளங்களை அது தாங்கியது.

சிறு செயலிகளின் தளர்ச்சி இங்கேதான் தொடங்குகிறது என்பது என் வாதம். மாட்பெர்லை நிறுவ வழங்கியின் அமைப்புக் கோப்பில் கைவைக்கும் உரிமை வேண்டும். ஒவ்வொரு வழங்கிச் செயல்முறையும் பெருத்த நினைவகத்தைப் பிடிக்கும். ஒருவர் கோரிக்கையில் மாறியில் எஞ்சிய மதிப்பு அடுத்தவர் கோரிக்கையில் எட்டிப்பார்க்கும். ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருந்த பகிர்வு வழங்கி நிறுவனங்கள் இதைப் பொதுவாக அனுமதிக்கவில்லை. ஆக, பெரிய தளத்துக்கு விரைவு கிடைத்தது. சிறு தளம் பழைய சிஜிஐயோடு நின்றது.

அந்த இடைவெளியில் பிஎச்பி நுழைந்தது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995 ஜூனில் அறிவித்த கருவித்தொகுப்பு, 1998இல் மூன்றாம் பதிப்பாக முழுமொழி வடிவம் பெற்றது. வழங்கிக்குள் குடியிருந்தாலும் ஒவ்வொரு கோரிக்கையின் முடிவிலும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அனுமதி எண்ணும் முதல் வரித் திருத்தமும் வேண்டாம். கோப்பை ஏற்றினால் போதும். விக்கிப்பீடியா 2002 ஜனவரியில் மாக்னஸ் மான்ஸ்கெ எழுதிய பிஎச்பி நிரலுக்கு மாறியது. பெர்லில் எழுதப்பட்ட வலைப்பதிவு மென்பொருளான மூவபிள் டைப் 2001 முதல் வேறொரு வழியைக் காட்டியது: எழுதுபவர் சேமிக்கும்போது மட்டும் சிஜிஐ இயங்கி நிலையான பக்கங்களை ஆக்கிவைக்கும், படிப்பவர்க்குச் செலவே இல்லை. அருமையான தீர்வு. 2004இல் அதன் உரிம விதிகள் மாறியபோது பயனர் பலர் பிஎச்பியில் எழுதப்பட்ட வேர்ட்பிரஸ் பக்கம் போனார்கள்.

பாதுகாப்பும் ஒரு காரணம். பழைய ஃபார்ம்மெயிலில் பெறுநர் முகவரி படிவத்துக்குள்ளேயே மறைபுலமாக இருந்தது. அதை மாற்றி அனுப்பினால் யாருக்கும் எரிதம் அனுப்பும் கருவியாக அது மாறிவிடும். பெர்லின் பழைய கோப்புத்திறப்பு முறையில், வெளியிலிருந்து வந்த பெயர் குழாய்க் குறியோடு முடிந்தால் கோப்பைத் திறப்பதற்குப் பதில் கட்டளையே இயங்கிவிடும். வெளியார் தரவை நம்பாமல் தடுக்கும் டெயின்ட் முறை மொழியில் இருந்தது. பெயரையும் திறக்கும் விதத்தையும் தனித்தனியே சொல்லும் மூவுறுப்புத் திறப்பு 2000இல் பெர்ல் 5.6உடன் வந்தது. ஆனால் இறக்கி ஏற்றப்பட்ட நிரலைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லை. லண்டன் பெர்ல் குழுவினர் என்எம்எஸ் என்ற திட்டத்தில் அந்த நிரல்களைப் பாதுகாப்பாகத் திரும்ப எழுதி, அதே பெயர்களில் பொருந்தும்படி தந்தார்கள். புகழ் தேடாத அப்பணி இன்னும் உரிய கவனம் பெறவில்லை. 2000இல் அறிவிக்கப்பட்ட பெர்ல் 6 பல்லாண்டு இழுத்ததும், 2019இல் ராகு என வேறு பெயர் பெற்றுப் பிரிந்ததும் புதியவர்களைத் தயங்கவைத்தன. ஆயினும் சிறு செயலிகளைப் பொறுத்தவரை ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

உடன்பாடு புதுப்பிக்கப்படுகிறது

2009இல் தட்சுஹிகோ மியாகவா பிஎஸ்ஜிஐ என்ற புதிய உடன்பாட்டை முன்வைத்தார். பைத்தானின் டபிள்யூஎஸ்ஜிஐ, ரூபியின் ராக் ஆகியவற்றைப் பார்த்து வகுக்கப்பட்டது அது. செயலி என்பது ஒரு செயற்கூறு. சூழலை ஹாஷாக வாங்கும். நிலை எண், தலைப்புவரிகள், உள்ளடக்கம் என்ற மூன்றைத் திருப்பித்தரும். சூழல் மாறிகளின் பெயர்கள் சிஜிஐயில் இருந்தவையே. அதே செயலியைச் சிஜிஐயாகவும், மாட்பெர்லுக்குள்ளும், தனி வழங்கியாகவும் இயக்கலாம். பத்தாண்டுக்கு முன் வந்திருக்கவேண்டியது என்றே சொல்வேன்.

அதே காலத்தில் செபாஸ்டியன் ரீடல் உருவாக்கிய மோஜோலிசியஸின் லைட் வடிவம் பழைய வசதியை மீட்டது. வழித்தடங்கள், படிவக் கையாளல், பக்க வார்ப்புரு எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். வார்ப்புருக்கள் கோப்பின் அடியில் தரவுப் பகுதியில் இருக்கும். சோதனை வழங்கியும் உள்ளேயே உண்டு. சிஜிஐ.பிஎம் 2015இல் பெர்ல் 5.22 வெளியானபோது மூலத்தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. புதிய செயலிக்கு அதைத் தேடிப்போகத் தேவையில்லை என்பதால் அந்த முடிவு சரியே.

அலுவலகத்தின் உள்வலையில் பத்துப் பேர் நிரப்பும் படிவத்துக்கோ, நூலகத்தின் பட்டியல் தேடலுக்கோ, ஒற்றைக்கோப்புப் பெர்ல் செயலி இன்றும் தாங்கும். டெபியன் லினக்ஸில் பெர்லின் அடிப்படைப் பொதி நீக்கக்கூடாத இன்றியமையாப் பொதிகளில் ஒன்றாகவே இருக்கிறது. கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் களஞ்சியங்களை உலாவியில் காட்டுவதற்காக 2005இல் கே சீவர்ஸ் எழுதத் தொடங்கிய கிட்வெப், கிட் மூலநிரலோடு சேர்ந்தே வெளிவருகிறது. அது பெர்லில் எழுதப்பட்ட சிஜிஐ நிரல்.