பெயரில் மறைந்த தீவு

இடத்தின் பெயர் அவ்விடத்துப் பொருளுக்கு ஆகி வருவதை இடவாகுபெயர் என்பர் இலக்கண நூலார். அவ்வாறு ஆகி வந்த பெயர் பிறிதோர் இடத்தைச் சுட்டுமாயின், மறைந்துபோவது யாருடைய வரலாறு? உலகெங்கும் விரும்பி வளர்க்கப்படும் லாப்ரடார் நாயின் தொடக்கக் கதை இவ்வினாவை எழுப்புகின்றது.

லாப்ரடார் என்பது கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நிலப்பகுதி. நாயோ, அதற்குத் தெற்கே கடல் பிரிக்கும் நியூபவுண்ட்லாந்துத் தீவில் உருவானது. பதினாறாம் நூற்றாண்டு முதல் காட் மீனை நாடி ஐரோப்பிய மீனவர் அத்தீவின் கடற்பரப்புக்கு வந்தனர். கப்பல்களில் உடன் வந்த நாய்கள் தம்முள் கலந்தமையால், காலப்போக்கில் 'செயின்ட் ஜான்ஸ் நாய்' எனப்பட்ட இனம் தோன்றிற்று. தூண்டிலினின்று நழுவும் மீனைப் பாய்ந்து பற்றுவதும், வலைக்கயிற்றைக் கவ்விக் கரைக்கு இழுப்பதும் அதன் தொழில். குட்டையான அடர்மயிர் நீரைத் தாங்காது உதறியது. ஆதலின் உறைபனியும் அதில் ஒட்டவில்லை. தடித்த வால் நீந்துகையில் சுக்கான்போல் உதவிற்று.

மீன் ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பூல் துறைமுகத்தை அடைந்தன, நாய்களும் அடைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் மால்ம்ஸ்பரிப் பிரபு அவற்றை வாங்கி, சதுப்பு நிலத்து வாத்து வேட்டைக்குப் பழக்கினார். மீனை மீட்ட வாய், சுடப்பட்ட பறவையை மீட்கலாயிற்று. அவர் மகனாகிய மூன்றாம் பிரபு தம் நாய்களை 'லாப்ரடார்' என்றே அழைத்தார், அப்பெயரே நிலைத்தது. 1880களில் அவர் அளித்த நெட், ஏவன் முதலிய நாய்களைக் கொண்டு ஸ்காட்லாந்தின் பக்ளூ கோமகன் குடும்பத்தார் இவ்வினத்தைப் பெருக்கினர். 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதனைத் தனியினமாக ஏற்றது.

பிறந்த தீவில் நிகழ்ந்தது வேறு. 1780இலேயே ஆளுநர் ரிச்சர்ட் எட்வர்ட்ஸ் வீட்டுக்கு ஒரு நாய்க்குமேல் கூடாதென ஆணையிட்டிருந்தார். ஆடு வளர்ப்பைக் காக்க 1885இல் வந்த சட்டம் நாய் வளர்ப்பை மேலும் ஒடுக்கிற்று. 1980களில், எஞ்சிய சில முதிய நாய்களோடு தாயினம் அற்றுப்போயிற்று. வழித்தோன்றலோ செழித்தது. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் பதிவுகளில் 1991 முதல் 2021 வரை 31 ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றது லாப்ரடாரே.

பிரபுவின் பெயரை வரலாறு காத்தது. அவர் அளித்த நாய்களின் பெயர்களையும் காத்தது. அவற்றின் முன்னோரைப் பனிக்கடலில் பழக்கிய மீனவரின் பெயர்களை வமிசப் பதிவேடுகள் அறியா. அவர்தம் உழைப்பு, நீரைக் கண்டதும் பாயும் அந்நாயின் இயல்பில் மட்டும் எஞ்சியிருக்கின்றது. பெயர் சூட்டும் உரிமை எப்போதும் படைத்தவரிடம் இருப்பதில்லை, வாங்கியவரிடமும் சென்றுவிடுகின்றது. சொல்லைக் கருவியாகக் கொண்ட கவிஞர், ஒரு பெயரை எடுத்தாளும்போது அதன் பொருளோடு அது பிறந்த கரையையும் வினவுதல் நன்று.