தூர்ந்த அகழியும் தூராத எல்லையும்

ஒரு நகரத்துக்கு எல்லை வகுப்பவர் யார்? ஆள்வோரா, அல்லது அங்கே வாழ்வோரா? ஆள்வோர் வகுத்த எல்லை நிலப்படத்தில் இருக்கிறது. வாழ்வோர் வகுத்த எல்லையோ அவர்கள் நாவில் இருக்கிறது. இவ்விரண்டில் எது நிலைத்து நிற்பது என்பதைக் கல்கத்தா மாநகரின் சரித்திரத்தைக் கொண்டு சிறிது ஆராய்வோம். 2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என வழங்கும் அந்நகரில் ஒருவரை அணுகி, அவர் வசிக்கும் இடம் எது என்று வினவினால், வார்டு எண்ணைச் சொல்பவர் அரியர். முதலில் வடக்கா, தெற்கா என்பதைச் சொல்வார்; அடுத்துத் தம்முடைய ‘பாடா’வின் பெயரைச் சொல்வார். பாடா என்பது சில தெருக்கள் சேர்ந்த குடியிருப்புக்கு வங்காளியர் வழங்கும் பெயர்.

இந்நகரைத் தோற்றுவித்தவர் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகர் என்றும், 1690ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாளே அதன் பிறந்த நாள் என்றும் நெடுங்காலம் சொல்லி வந்தனர். 2003ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அக்கூற்றை ஏற்க மறுத்துவிட்டது. உண்மையும் அதுவே. சுதாநுதி, கலிகத்தா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்கள் ஹூக்ளி நதியின் கீழ்க்கரையில் முன்னரே இருந்தன. அவற்றின் ஜமீன் உரிமையைக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1698இல் விலைக்குப் பெற்றனர். ஆகவே, நகரம் பிறந்தபோதே அதற்கு வடக்கும் தெற்கும் நடுவும் உடன்பிறந்தன எனலாம்.

இந்நகருக்குக் கண்ணுக்குத் தெரியும்படியான முதல் எல்லை அச்சத்தின் காரணமாகவே ஏற்பட்டது. 1742ஆம் ஆண்டில் மராத்தியக் குதிரைப் படையினர் வங்காளத்துள் புகுந்து சூறையாடினர். ‘பர்கி’ என்று மக்கள் அஞ்சிய அப்படையினர் கல்கத்தாவுக்கும் வந்துவிடுவரோ என்ற கலக்கம் எங்கும் பரவிற்று. உள்ளூர்க் குடிமக்கள் கும்பினியாரிடம் அனுமதி பெற்று, தங்கள் செலவிலேயே ஊரைச் சுற்றி அகழி தோண்டத் தலைப்பட்டனர். ஏழு மைல் நீளத்துக்குத் திட்டமிட்ட அகழி, ஆறு மாதத்தில் ஏறத்தாழ மூன்று மைல் முடிந்தது. மராத்தியர் வரவில்லை, வேலையும் நின்றது. 1751இல் உடன்படிக்கை ஏற்பட்டு அந்த அச்சமும் நீங்கிற்று.

1756ஆம் ஆண்டில் மெய்யாகவே ஒரு படை வந்தது. நவாப் சிராஜ் உத் தௌலாவின் படையை வடக்கே பாக்பஜாரில் தடுத்தனர். அப்படையோ காவலற்ற வேறு வழிகளாக நகருள் நுழைந்தது. எவருக்கு அஞ்சி வெட்டினார்களோ அவர் வரவில்லை; வந்தவரை அகழி தடுக்கவும் இல்லை. ஆயினும் அகழி வேறொரு வகையில் பயன்பட்டது. அதற்கு உட்பட்டது நகரம், அப்பாற்பட்டது புறம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயரை ‘அகழிக்காரர்’ என்னும் பொருள்பட ‘டிச்சர்’ என்று கேலியாக அழைக்கும் வழக்கமும் உண்டாயிற்று. 1794ஆம் ஆண்டில் அரசாங்கம் நகரின் எல்லையை விளம்பரம் செய்தபோது, மக்கள் வெட்டிய அந்த அகழியையே கிழக்கெல்லையாக ஏற்றுக்கொண்டது. 1799 முதல் அகழி தூர்க்கப்பட்டு, அதன்மீது சர்க்குலர் ரோடு என்னும் வட்டச் சாலை அமைந்தது. அச்சாலையின் இரு பகுதிகளும் இன்று ஆசாரிய பிரபுல்ல சந்திரர், ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் என்ற இரு விஞ்ஞானிகளின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. பாக்பஜாரில் ‘மராத்தா டிச் லேன்’ என்றொரு சந்து மட்டும் பழைய கதையை நினைவூட்டுகிறது.

அகழிக்கு உள்ளேயும் கோடுகள் இருந்தன. 1757இல் நடந்த பிளாசிப் போருக்குப் பின்னர், புதிய கோட்டை கட்டுவதற்காகக் கோவிந்தபூர் மக்களைக் குடிபெயர்த்தனர். அங்கிருந்த காடு வெட்டப்பட்டு, மைதானம் உண்டாயிற்று. அதை ஒட்டிய சௌரங்கி முதலிய இடங்களில் ஐரோப்பியர் மாளிகைகள் எழுந்தன. வடக்கே சுதாநுதிப் புறத்தில் இந்தியர் வாழ்ந்தனர். ஒன்றை வெள்ளை நகரம் என்றும், மற்றதைக் கறுப்பு நகரம் என்றும் ஆங்கிலேயர் எழுதினர். அக்கறுப்பு நகரில் வாழ்ந்தவர்களோ தம்மைக் கறுப்பு நகரத்தார் என்று கருதவில்லை. குயவர் வாழ்ந்த இடம் குமார்துலி. எண்ணெய்ச் செக்காடியவர் வாழ்ந்த இடம் கலூதோலா. தையற்காரர் வாழ்ந்த இடம் தர்ஜிபாடா. கன்னார் வாழ்ந்த இடம் கன்சாரிபாடா. ஆள்வோர் நிறத்தைக் கொண்டு பெயரிட்டனர். வாழ்வோர் தொழிலைக் கொண்டு பெயரிட்டனர். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்ற பெயர்கள் இன்று சரித்திர நூல்களில் மட்டுமே வழங்குகின்றன. குமார்துலியிலோ இன்றும் களிமண்ணைப் பிசைந்து துர்க்கையின் திருவுருவை வனைகின்றனர்.

ஒரு பாடா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதை அளந்து கல் நட்டவர் எவருமில்லை. எனினும் அங்கு வாழ்வோருக்கு ஐயமுமில்லை. வீட்டு முகப்பில் ‘ரோக்’ எனப்படும் திண்ணையில் மாலை வேளையில் கூடிப் பேசுவோர், தெருவிற் செல்லும் சிறுவனைப் பெயர் சொல்லி அழைத்து, இந்நேரத்தில் எங்கே போகிறாய் என்று கேட்கும் வரையில் அது அவர்கள் பாடா. மூத்தவரை ‘தாதா’ என்றும், தாயொத்தவரை ‘மாஷிமா’ என்றும் உரிமையோடு அழைக்கும் வரையில் அது அவர்கள் பாடா. துர்க்கா பூஜை வந்துவிட்டாலோ எல்லை இன்னும் தெளிவாகும். பழங்காலத்தில் செல்வர் இல்லங்களில் நடந்துவந்த அப்பூஜை, இருபதாம் நூற்றாண்டில் ஊரார் பொருள் திரட்டிச் செய்யும் பொதுப் பூஜையாகப் பெருகிற்று. எந்த வீடு வரையில் சந்தா கேட்டுச் செல்கிறார்களோ அந்த வீடு வரையில் பாடா. சந்தா கேட்க உரிமையுள்ளவர்களுக்கு, அவ்வீட்டில் நோயோ சாவோ நேர்ந்தால் முன்வந்து நிற்கும் கடமையும் உண்டு. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கல்கத்தாவின் துர்க்கா பூஜையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அச்சிறப்பில் இந்தப் பெயரறியாத எல்லைகளுக்கும் பங்குண்டு.

எல்லை என்பது எப்பொழுதும் அன்புக்கே துணைநின்றது என்று சொல்லிவிட இயலுமா? 1946ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் தொடங்கிய கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். நேற்று வரையில் கடைக்குச் செல்லக் கடந்த தெரு, அன்று கடந்தால் உயிர் போகும் எல்லையாயிற்று. ‘எங்கள் பாடா’ என்ற சொல்லே காவலும் ஆயிற்று, கொலைக்கருவியும் ஆயிற்று. அந்நாட்களுக்குப் பின் தம்மவர் மிகுந்த பகுதியைத் தேடிக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. ‘யார் நம்மவர்’ என்று கேட்கும் எல்லை, ‘யார் அயலார்’ என்றும் கேட்கத் தொடங்கினால் என்ன விளையும் என்பதை அந்நகரம் அன்று கண்ணீரோடு கண்டுகொண்டது.

அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து குவிந்தனர். நகரின் தென்கோடியில் யாதவபூரைச் சுற்றிக் கிடந்த காலி நிலங்களிலும், யுத்த காலத்துப் படைமுகாம்களிலும் அவர்கள் மூங்கிலும் கீற்றும் கொண்டு குடிசை போட்டனர். சட்டத்தின் கண்ணில் அது ஆக்கிரமிப்பு. நகரத்தாரின் கண்ணில் அது புறம்போக்கு. வந்தவர்களோ தங்கள் குடியிருப்புகளுக்கு விஜயகட், ஆசாத்கட் என்று பெயர் சூட்டினர். ‘கட்’ என்றால் கோட்டை. அகழி வெட்டி உள்ளே இருந்தவர்கள் தங்கள் ஊருக்குக் கோட்டை என்று பெயர் வைக்கவில்லை. கூரையற்று வெளியே நின்றவர்கள் வைத்தார்கள்! பள்ளிக்கூடம், சந்தை, குழாய், விளக்கு ஆகிய ஒவ்வொன்றையும் கூட்டுறவாலும் போராட்டத்தாலும் பெற்றனர். 1953இல் டாலிகஞ்சும், 1984இல் யாதவபூரும் பேஹாலாவும் மாநகராட்சியோடு இணைந்தன. புறமாயிருந்தது நகரமாயிற்று. இன்று தெற்குக் கல்கத்தாவைப் பற்றிப் பேசுவோர் இக்குடியிருப்புகளை விட்டுவிட்டுப் பேச முடியாது.

தமிழரும் இந்தத் தெற்கில் இடம் பெற்றனர். அலுவல் நிமித்தமாகச் சென்ற குடும்பங்கள் லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்து குடியமர்ந்தன. வாழையிலையும் பூச்சரமும் காப்பிப் பொடியும் கிடைக்கும் அச்சந்தை, வங்காளியருக்கும் தமிழருக்கும் பொதுவான பாடாவாயிற்று. 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை நாட்டின் முதல் நிலத்தடி மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிற்று. 1995இல் அது வடக்கே டம்டம்மையும் தெற்கே டாலிகஞ்சையும் ஒரே தடத்தில் இணைத்தது. வடக்கத்தியார், தெற்கத்தியார் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. வடக்கிற் பிறந்தவர் பழைய தெருவையும் திண்ணையையும் புகழ்வார். தெற்கிற் பிறந்தவர் அகன்ற சாலையையும் ஏரிக்கரையையும் புகழ்வார். ஒருவரை ஒருவர் எள்ளி நகையாடிப் பின் ஒரே கடையில் தேநீர் அருந்துவர்.

2021ஆம் ஆண்டு மாநகராட்சித் தேர்தலில் நகரம் 144 வார்டுகளாக வகுக்கப்பட்டிருந்தது. நிர்வாகத்துக்கு அவ்வகுப்பு இன்றியமையாதது. ஆனால் வார்டின் எல்லை மாறினால் எவரும் வருந்துவதில்லை. பாடா சிதைந்தால் மனம் நோகின்றனர். பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன, திண்ணைகள் மறைகின்றன. திண்ணை மறைந்தால், சிறுவனைப் பெயர் சொல்லி அழைப்பவர் எங்கே உட்காருவார்?

மூன்று நூற்றாண்டுக் கல்கத்தா நமக்கு உணர்த்துவது இதுதான். பிறரை விலக்குவதற்கென வெட்டிய அகழி தூர்ந்து போயிற்று. இன்னாருக்காக நாம் பொறுப்பேற்கிறோம் என்று மக்கள் மனத்தால் வகுத்த எல்லையோ கல்லும் கோடுமின்றி நிலைத்து நிற்கிறது; புதிதாக வந்தவரையும் சேர்த்துக்கொண்டு விரிந்தும் கொடுக்கிறது. நாம் வாழும் தெருவுக்கும் ஓர் எல்லையை நம்மை அறியாமலே வகுத்திருக்கிறோம். அது அகழியா, பாடாவா என்பதை அவ்வப்போது எண்ணிப் பார்ப்பது நமக்கும் நலம். நாளை அங்கே குடிவரப் போகிறவருக்கும் நலம்.