ழீத்: கிராமத்து விடுமுறை வீட்டின் கதை

பிரெஞ்சில் ‘ழீத்’ என்றால் முயல் பதுங்கிப் படுக்கும் இடம். இராத்தங்கும் வீட்டுக்கும் அதே சொல்தான். பள்ளியில் படித்த இச்சொல்லுக்குப் பின்னால் ஒரு அரசாங்கத் திட்டமே உண்டு.

1936-இல் பிரான்சில் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுப்பு கிடைத்தது. சரி, ஓட்டலில் தங்கக் காசுக்கு எங்கே போவான்? போருக்குப் பிறகு மலைக் கிராமங்களில் வேறு கவலை. இளைஞர்கள் பட்டணம் போய்விட, கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. பாஸ்-ஆல்ப் மாவட்ட செனட்டர் எமில் ஓபேர் இரண்டு கவலைக்கும் ஒரே வழி சொன்னார். பழைய வீட்டைச் செப்பனிட உதவி செய்வது. கோடையில் அதைப் பட்டணத்துக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவது. 1951-இல் லா ழாவி அருகே ஷோதோலில் முதல் ழீத் திறந்தது. 1955-இல் தேசியக் கூட்டமைப்பே உருவாயிற்று.

விவசாயி ஊரைவிட்டுப் போகாமலிருக்கத்தான் இந்த வாடகை. இன்றோ அதே மாவட்டத்து வெர்தோன் பள்ளத்தாக்குக்கு மலையேறவும் படகு விடவும் கூட்டம் வருகிறது. இப்படிப்பட்ட ஊர்களில் வெளியூர்க்காரர் வீடு வாங்கி, இணையத்தில் நாள் வாடகைக்கு விடுகிறார். உள்ளூர் ஆசிரியருக்குக் குடியிருக்க வீடில்லை.

2024 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. தரச்சான்று பெறாத விடுமுறை வீட்டின் வாடகைக்கு வரிக்கழிவு 50 சதவீதத்திலிருந்து 30 ஆயிற்று. நியாயம்தான். ஆனால் சான்று பெற்ற ழீத்துக்கும் 71 என்பது 50 ஆகிவிட்டது! உரிமையாளர் அந்த ஊரிலேயே குடியிருக்கிறாரா என்று படிவத்தில் ஒரு வரி கேட்டுப் பிரித்திருக்கலாம் என்பது இந்தப் பழைய குமாஸ்தாவின் எண்ணம்.