கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்து உதவியும் ஊர்ச் செவிலியரும்: சிறுசேரி வட்டாரம்

மசக்கைக்குப் புளிப்பு, ஏழாம் மாதம் வளைகாப்பு, கூடவே கலவை சாதம் என்று குடும்பம் மட்டுமே பார்த்துவந்த பேறுகாலச் சாப்பாடு, தமிழ்நாட்டில் அரசின் பொறுப்பாகவும் ஆனது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

அதற்கான அறிவியல் முன்னரே கிடைத்திருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களிடம் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். குன்னூரிலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணிபுரிந்திருக்கிறார். அந்தச் சாற்றில் இருந்த, பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்ட சத்துதான் இன்று இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்து வருகிறது.

மாத்திரையை வீட்டு வாசல்வரை கொண்டுபோவது யார்? இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி. அவர் 1958இல் தொடங்கிய தன்னார்வ நலப்பணிக் கழகம், சிறுசேரிக்குப் போகும் அதே பழைய மாமல்லபுரம் சாலையில், தரமணியில் இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பரங்கிமலை வட்டாரத்தில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்று என்று சிறு சுகாதார மையங்களை அது நடத்தியது. பகுதிநேர மருத்துவர், ஆண் பெண் பணியாளர்கள், முதலுதவிப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள், குடும்பங்கள் கட்டும் சிறு சந்தா. பெரிய மருத்துவமனைகளின் வரலாறு பேசப்படும் அளவுக்கு இந்த முயற்சி பேசப்படாதது அநியாயம்.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. அதன்வழி கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கிடைக்கிறது. உலக வங்கி உதவியுடன் 1980இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஊர்ப் பெண்களையே ஊட்டச்சத்துப் பணியாளர்களாக்கியது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் சில நூறு ரூபாயாகத் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. கடைசித் தொகையில் 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்: சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் முதலியவை. நெய்யைக் கர்ப்பிணிக்கு முன் வீட்டார் தொட்டுவிடுவார்கள் என்பது நர்சம்மாக்கள் அறிந்த சங்கதி.

பிற மாநிலங்களில் 2005க்குப் பின் ஆஷா பணியாளர்கள் செய்துவரும் வேலையை இங்கே பெரும்பாலும் பயிற்சி பெற்ற கிராம சுகாதாரச் செவிலியரே செய்கிறார். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தடுப்பூசி, பதிவேடு எல்லாம் அவர் கையில். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அடுக்குமாடிகளும் வந்த சிறுசேரி போன்ற ஊரில் வாடகைக்கு வருவோரும் கட்டடத் தொழிலாளர்களும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நிலையான கிராமத்தை மனத்தில் வைத்துப் போட்ட அந்தக் கணக்கு இங்கே போதாது. பணம் பல மடங்கு ஏறிய அளவுக்கு ஆள் பலம் ஏறவில்லை.

நிதியுதவி பெற, கருவுற்ற 12 வாரத்துக்குள் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். அப்போது கிடைக்கும் பதிவு எண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவை.