யாரைச் சேர்ப்பது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது, 1948இல் பால் பிராண்டு தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கிய அறுவை சிகிச்சையும், கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வரும் நோயாளிகளின் கூட்டமும்தான். நிறுவனர் ஐடா ஸ்கடரைப் பற்றியோ, ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த கதையைச் சொல்லாமல் யாரும் எழுதுவதில்லை. சரித்திரத்துக்கு அதைவிடப் பயன்படுவது, அந்தக் கல்லூரி யாரைச் சேர்த்தது, படிப்பு முடிந்ததும் எங்கே அனுப்பியது என்ற விவரம். கிராமத்துக்கு டாக்டர் போவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் சேர்க்கையின்போதே முடிவாகிவிடுகிறது. வேலூரின் நூறாண்டு இதற்கு நல்ல சாட்சி.

1902இல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறந்தது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி ஐடா குடியாத்தம் சாலையில் போனார். முதலில் மாட்டுவண்டி, 1909 முதல் பிரான்சில் செய்த பெஜோ கார். வழியில் மரத்தடிகளில் வண்டி நிற்கும். காத்திருந்தவர்களின் புண்களைக் கழுவிக் கட்டி, பல் பிடுங்கி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள். தொழுநோயாளிகளுக்கும் அங்கேதான் கட்டு. ஒரு டாக்டரும் ஒரு காரும் ஒரு மாவட்டத்துக்குப் போதாது. ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டப் பெண்கள் சம்மதிக்கவும் இல்லை. அதனால் 1918இல் தொடங்கிய பள்ளி பெண்களை மட்டுமே சேர்த்தது. கொடுத்தது பட்டமல்ல, எல்.எம்.பி. என்ற சான்றிதழ், படிப்புக் காலமும் குறைவு, செலவும் குறைவு. சாலையோரத்துத் தேவைதான் பள்ளியின் பாடத்தையும் மாணவியரையும் தீர்மானித்தது.

1930களின் கடைசியில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. போதாது, பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்றது. வேலூரில் புதிய சேர்க்கை நின்றது. எழுபது வயதில் ஐடா அமெரிக்காவுக்குப் போய்ப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1942இல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947இல் ஆண்களும் வந்தார்கள். சான்றிதழ் போய்ப் பட்டம் வந்தது நாடு முழுக்க நடந்ததே. 1946இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு எண்ணியபோது பதிவு பெற்ற 47,524 மருத்துவர்களில் 29,870 பேர் இந்தச் சான்றிதழ்க்காரர்கள். அந்தப் படிப்பையே நிறுத்திவிடலாம் என்று குழு பரிந்துரைத்தது. அரைகுறைப் படிப்பு படித்தவர் கிராமத்தானுக்கு, முழுப் படிப்பு படித்தவர் பட்டணத்தானுக்கு என்பது என்ன நியாயம் என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தில் மூன்று பேரை உருவாக்கிய வழியை அடைத்தவர்கள், பட்டம் பெற்றவரைக் கிராமத்தில் இருத்த ஓர் ஏற்பாட்டையும் அதே வேகத்தில் செய்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

வேலூர் செய்தது அந்த ஏற்பாடுதான். பெரும்பாலான மாணவர்களைத் திருச்சபைகளும் மிஷன் ஆஸ்பத்திரிகளும் பரிந்துரைத்து அனுப்பும். படிப்பு முடிந்ததும் பரிந்துரைத்தவர்கள் சொல்லும் இடத்தில் இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும். சில நாள்கள் நீளும் நேர்காணலில், தேர்வு மதிப்பெண்ணோடு ஆளின் மனப்பாங்கையும் பார்த்தார்கள். இது மதச் சலுகை என்ற விமர்சனத்தில் பாதி உண்மை உண்டு. சபைப் பரிந்துரை எல்லோருக்கும் எட்டுவதில்லை. கட்டாயத்துக்கு இரண்டு வருடம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள் என்பது அடுத்த விமர்சனம். திரும்பட்டுமே, அந்த ஆஸ்பத்திரிகளுக்கு அடுத்த ஆண்டு அடுத்த ஆள் வருவார், வரிசை அறுபடாது. கிராமப்பணி பெரிய ஆஸ்பத்திரியின் அலங்காரம் என்பாரும் உண்டு. ஆனால் கணியம்பாடி ஒன்றியத்தில் கல்லூரியின் ஊழியர்கள் ஊர் ஊராகப் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்து, ஒவ்வொரு சாவுக்கும் காரணம் விசாரித்தார்கள். அதிலிருந்துதான், 10 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் லட்சத்துக்கு 148 பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்ற தகவல் 2004இல் வெளியே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவருக்கு இந்த எண் கிடைக்காது. 1977இல் கல்லூரி கே.வி.குப்பத்தில் தொடங்கிய ‘ரூசா’ என்ற கிராமப் பிரிவு மருந்தோடு தொழிற்பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது.

மருத்துவப் படிப்புக்கு ‘நீட்’ என்ற பொது நுழைவுத்தேர்வு வந்ததும், யாரைச் சேர்ப்பது என்ற பழைய சண்டை புது உருவில் திரும்பியது. தன் தேர்வுமுறையை விட மனமில்லாமல் 2017இல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பியது கல்லூரி. மூன்றாண்டு கழித்து, 2020 ஏப்ரலில், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்கொடை வாங்கி இடம் விற்ற கல்லூரிகளைக் கட்டுப்படுத்த ஒரே தேர்வு தேவைப்பட்டது என்ற வாதம் வலுவானது. ஆயினும் ஆள் பார்த்து எடுக்கும் அவசியத்தை அதே ஆண்டு வேறிரண்டு முடிவுகள் ஒப்புக்கொண்டன. அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஆகஸ்டில் அதே நீதிமன்றம் சொன்னது. நீட் எழுதிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டைத் தமிழக அரசு சட்டமாக்கியது. இரண்டிலும் மதிப்பெண்ணோடு, வருபவர் எங்கிருந்து வருகிறார், எங்கே வேலை பார்த்தார் என்பதும் கணக்கில் வருகிறது.