கேட்டு நடித்த பாலையா

தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய காலத்தில் நடிகர்கள் பேசினார்கள். அதைவிடக் கூடுதலாகப் பாடினார்கள். மற்றவர் பேசும்போது கேட்டுக்கொண்டு நிற்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். அந்த அபூர்வமானவர்களுள் முதலிடத்தை நான் ரி. எஸ். பாலையாவுக்கே கொடுப்பேன்.

1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி' அவருக்கு முதற்படம். எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் அதுவே முதற்படம். எஸ். எஸ். வாசனின் கதையைப் படமாக்கியவர் தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். இலங்கையராகிய நமக்கு இப்படத்தில் ஒரு தனி அக்கறை உண்டு. குடியால் கெட்ட கதாநாயகன் கொலைப்பழிக்கு அஞ்சி இலங்கைக்கு ஓடிவந்து, தேயிலைத் தோட்டத்திலே கூலி வேலை செய்கிறான். அவனைக் குடிக்குப் பழக்கிவிட்ட நயவஞ்சக நண்பனாக வருபவரே பாலையா. அடுத்த ஆண்டு 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதரோடு வாள் வீசினார். 1949இல், அண்ணாத்துரையின் 'வேலைக்காரி'யில், கே. ஆர். இராமசாமிக்கு யோசனை சொல்லும் தோழனானார். அடுக்குமொழி கொடிகட்டிப் பறந்த அந்தக் காலத்திலும் அவருக்கு வேலை குறையவில்லை.

ஆயினும் அவருடைய கலை கனிந்தது அறுபதுகளில்தான் என்பது என் அபிப்பிராயம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் தம் தந்தைக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சும் ஓசைகளும் நாகேஷுடையவை. பாலையாவோ உட்கார்ந்திருந்து கேட்கிறார், அவ்வளவுதான். கண் விரிகிறது, உடல் ஒடுங்குகிறது, பணக்காரத் தகப்பனின் மிடுக்குக் கரைந்து ஒரு குழந்தையின் பயம் வெளிப்படுகிறது. கதையின் பாதி நமக்கு அந்த முகத்திலிருந்தே கிடைக்கிறது. அந்த முகம் இல்லாவிட்டால் நாகேஷின் கதை வெறும் சத்தம்.

மறு ஆண்டு வந்த ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' இதனினும் மேல். பாண்டியன் சபையில் ஹேமநாத பாகவதர் பாடுவதாக வரும் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. இறுமாப்பு மட்டும் பாலையாவின் சொந்தச் சரக்கு. அன்றிரவு திண்ணையில் விறகு விற்பவன் பாடுகிறான். பாகவதர் கேட்கிறார். முதலில் அலட்சியம், பிறகு வியப்பு, கடைசியில் கிலி. பாணபத்திரர் தள்ளிவிட்ட சீடனே இப்படிப் பாடுகிறான் என்றால் குரு எப்படிப் பாடுவாரோ! இரவோடிரவாக ஊரை விட்டுப் போய்விடுகிறார். நேயர்களே, இப்படத்தை ஒலிச்சித்திரமாக மாத்திரம் கேட்டவர்களுக்குச் சிவாஜியின் வசனம் முழுதாகக் கிடைத்திருக்கும். பாலையா பாதிதான் கிடைத்திருப்பார். வானொலிக்காரர்களாகிய எங்களுக்கு அது தீராத குறை.

வில்லனாக நடித்துப் பெற்ற அநுபவமே இதற்கெல்லாம் முதல் என்று நினைக்கிறேன். சூது செய்பவன் எதிராளியின் ஒவ்வொரு சொல்லையும் காது கொடுத்துக் கேட்கவேண்டும் அல்லவா?

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் அவருக்குத் தவில் வித்துவான் வேடம் வாய்த்தது. நாதஸ்வரக்காரனின் மூச்சைக் கேட்டு வாசிப்பவன் தவில்காரன். சிவாஜி குழலை எடுக்குமுன் பாலையாவின் கண்கள் ஒருமுறை அவர் பக்கம் திரும்பும். நான்கு ஆண்டுகளின் பின், 1972இல், அவர் மறைந்தார்.