எப்படி என்னும் கேள்வி

1950 செப்டம்பரில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரும் லண்டன் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் இருவர் மட்டுமே. பிற நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 649 ஆண்களில் அவ்வாறானவர்கள் 27 பேர். தொடக்கத்தில் சாலைகளுக்கு இடும் தாரைச் சந்தேகித்த டால், ஆய்வு முடியும் முன்பே சிகரெட்டை விட்டுவிட்டார்.

புகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெரிந்துவிட்டது. அது உடலுக்குள் எப்படி நிகழ்கிறது என்பது தெரியவில்லை. சிகரெட் நிறுவனங்கள் இந்த இடைவெளிக்குள்தான் புகுந்துகொண்டன. 1954 ஜனவரியில் நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு, காரணம் நிறுவப்படவில்லை என்றன. ஐயத்தை விளைவிப்பதே தங்கள் தொழில் என்று 1969இல் ஒரு நிறுவனத்தின் உள்குறிப்பு ஒளிவின்றியே எழுதியது.

விடை மெல்லத்தான் வந்தது. புகையிலுள்ள பென்சோபைரீனை வெளியேற்ற முனையும் நம் உடலின் நொதிகளே அதைக் கொடிய நஞ்சாக மாற்றிவிடுகின்றன. அந்நஞ்சு பி53 என்னும் காவல் மரபணுவில் எங்கே ஒட்டுகிறது என்பதை 1996இல் ஓர் ஆய்வு காட்டியது. நுரையீரல் புற்றுநோயில் அம்மரபணு அடிக்கடி பழுதுபடும் அதே இடங்கள்தாம் அவை.

மரபணுவின் எழுத்தைச் சிதைக்காமலே அதைச் செயலிழக்கச் செய்யவும் புகையால் முடியும். செல் பிரியும்போது, எந்த மரபணுக்கள் அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கான மெத்தில் குறிகளைப் புதிய இழைக்குப் படியெடுப்பது டிஎன்எம்டி1 என்னும் நொதி. அளவுக்கு மிஞ்சும் நொதியைச் செல் சிதைத்துவிட வேண்டும். புகையிலைக்கே உரிய என்என்கே என்னும் நஞ்சு இச்சிதைவைத் தடுப்பதை 2010இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தேங்கிப்போன நொதி, புற்றுக்கட்டியைத் தடுக்கும் மரபணுக்களின் மீதும் குறியிட்டு அவற்றை அடக்கிவிடுகிறது.

ஏறத்தாழ 16,000 பேரின் இரத்தத்தில் இத்தகைய குறிகளை ஆராய்ந்த முடிவுகள் 2016இல் வெளிவந்தன. புகையை விட்டவர்களிடம் பெரும்பாலான குறிகள் ஐந்தாண்டுகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. சில மட்டும் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அழியவில்லை. விட்டவருக்கு இது பெரிய ஆறுதல், தொடங்காதவருக்கு எச்சரிக்கை.

லண்டன் ஆய்வுக்கும் தைவான் ஆய்வுக்கும் இடையே அறுபது ஆண்டுகள். நொதியின் வேலை விளங்கியதால் மருத்துவத்துக்குப் புதிய வழிகள் புலப்படலாம். ஆனால் அது விளங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்ற வாதம் எத்தனையோ உயிர்களை விலையாகக் கொண்டது. சிகரெட்டைக் கீழே வைக்க டாலுக்கு அந்த 649 பேரின் கணக்கே போதுமானதாக இருந்தது.